வெளிநாட்டுக் குரோஷியர்கள்: யாரைச் சேர்ப்பது, எதை வைத்துச் சேர்ப்பது?

2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் குரோஷியா இறுதி ஆட்டம் வரை போனபோது டீக்கடையில் இருந்து ஃபேஸ்புக் வரை ஒரே வியப்பு. நாற்பது லட்சம் பேர் இருக்கிற நாடு எப்படி இவ்வளவு தூரம் வந்தது? கேள்வி நியாயம்தான். ஆனால் டென்மார்க்கையும் ரஷ்யாவையும் பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றபோது, இரண்டு முறையும் கடைசி உதையைப் போட்டு அணியைக் கரைசேர்த்த இவான் ராகிட்டிச் பிறந்தது ஸ்விட்சர்லாந்தில். நடுக்களத்தில் ஆடிய மாத்தேயோ கோவாச்சிச் பிறந்தது ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில். ஆக, அந்த அணி வந்தது அந்த நாற்பது லட்சத்துக்குள் இருந்து மட்டும் இல்லை.

2021 கணக்கெடுப்பின்படி குரோஷியாவில் வசிப்பவர்கள் சுமார் 38.7 லட்சம் பேர். வெளியே குடியேறிய குரோஷியர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் சுமார் 32 லட்சம் என்பது குரோஷிய அரசு சொல்லும் மதிப்பீடு. உள்ளே ஒரு நாடு, வெளியே கிட்டத்தட்ட இன்னொரு நாடு. இந்த வெளிநாட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மூன்று வாக்கியங்கள் தயாராக வந்து விழும். "எல்லாரும் போருக்குப் பயந்து ஓடியவர்கள்." "எல்லாரும் தீவிர தேசியவாதிகள்." "என்ன இருந்தாலும் ரத்தம் இல்லையா, விட்டுப்போகுமா?" மூன்றுமே அரைகுறை. மூன்றாவது கேட்க நன்றாக இருப்பதாலேயே அதிகம் குழப்புகிறது. ரத்தம் யாருக்கும் மொழி சொல்லிக் கொடுக்காது, கட்டடம் கட்டாது, பாஸ்போர்ட் தராது.

குலதெய்வக் கோயில் வரிப் பட்டியல்

கிராமத்துக் குலதெய்வக் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். வரி கட்டும் குடும்பங்களின் பட்டியல் ஒன்று பூசாரியிடமோ தர்மகர்த்தாவிடமோ இருக்கும். அதில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். சிலர் ஆண்டுதோறும் கொடைக்கு வருவார்கள். சிலர் பணம் மட்டும் அனுப்புவார்கள். சிலருக்குச் சாமி பெயரைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பட்டியலில் பெயர் இருக்கிறவரை அவர்கள் 'நம்மாள்'. தகராறு எப்போது வரும்? எப்போதோ ஊரை விட்டுப் போனவரின் பேரன் ஒருநாள் வந்து, எனக்கும் பங்கு உண்டு, எனக்கும் மரியாதை வேண்டும் என்று நிற்கும்போது. அங்கே இரண்டு கேள்வி எழும். பட்டியலை எழுதுவது யார்? வெளியூர்க்காரருக்கு ஊர் விஷயத்தில் எவ்வளவு பேச்சு?

இந்தக் கட்டுரையில் வருகிற முக்கியமான சொல்லுக்கு இப்போது பொருள் சொல்லிவிடலாம். புலம்பெயர் சமூகம் என்பது, சொந்த நாட்டை விட்டுப் போய் வேறிடத்தில் நிலைத்துவிட்ட பிறகும், தாங்கள் அந்த நாட்டைச் சேர்ந்தவர்கள் என்ற நினைப்பையும் அந்த நினைப்பைக் காப்பாற்றும் ஏற்பாடுகளையும் தலைமுறை தாண்டி வைத்திருக்கும் மக்கள். இதில் 'ஏற்பாடுகள்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படிக்கவும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வெளிநாடு போய் வருகிறவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். கொள்ளுத்தாத்தா வந்த கப்பலின் பெயர் மட்டும் தெரிந்து, அதற்கு மேல் ஒன்றும் இல்லாதவரும் ஏறக்குறைய வெளியே போய்விட்டவர்தான்.

முதலில், யாரெல்லாம்?

வெளியே இருக்கும் குரோஷியர்களைக் குரோஷியாவின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. பொதுப் பேச்சில் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பாதிக் குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

முதல் வகை, பக்கத்து நாடான போஸ்னியா–ஹெர்செகோவினாவில் இருக்கும் குரோஷியர்கள். 2013 கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களில் சுமார் 15 சதவீதம். இவர்கள் எங்கும் புலம்பெயரவில்லை. நூற்றாண்டுகளாக அதே மண்ணில் இருக்கிறார்கள், எல்லைக்கோடுதான் இவர்களைக் குரோஷியாவுக்கு வெளியே நிறுத்தியது. அந்த நாட்டின் அரசியல் சட்டப்படி போஸ்னியாக்கள் எனப்படும் போஸ்னிய முஸ்லிம்கள், செர்பியர்களோடு சேர்ந்து நாட்டை உருவாக்கிய மூன்று இனங்களில் ஒன்று.

இரண்டாவது வகை, ஐரோப்பாவின் பன்னிரண்டு நாடுகளில் இருக்கும் பழைய சிறுபான்மையினர். ஒட்டோமான் படையெடுப்புக் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், வடக்கே போன குடும்பங்களின் வழிவந்தவர்கள் ஆஸ்திரியாவின் பூர்கன்லாந்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் குரோஷிய மொழிக்குத் தனி எழுத்து வழக்கே உண்டு. இத்தாலியின் மொலீசே பகுதியில் மூன்று சின்ன ஊர்களில் இதே மாதிரி இன்னொரு பழைய பேச்சு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது வகைதான் கடல் தாண்டியும் மேற்கு ஐரோப்பாவுக்கும் போய்க் குடியேறியவர்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இவர்களைப் பற்றியது.

சட்டத்தில் இல்லாத ஒரு கூட்டமும் இருக்கிறது. குரோஷியாவின் விடுதலையை ஒட்டி நடந்த 1991–95 போரின் கடைசியில், 1995 ஆகஸ்டில், குரோஷிய ராணுவம் நடத்திய 'புயல்' நடவடிக்கையின்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் குரோஷியாவை விட்டு வெளியேறினார்கள். அவர்களும் அந்த மண்ணில் பிறந்தவர்கள்தான், பலரிடம் குரோஷியப் பாஸ்போர்ட்டும் உண்டு. ஆனால் 'குரோஷியப் புலம்பெயர் சமூகம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் அவர்களை நினைத்துப் பேசுவதில்லை. பட்டியல் மண்ணை வைத்து எழுதப்படவில்லை, இனத்தை வைத்து எழுதப்பட்டிருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

திராட்சைக் கொடி பட்டுப்போனதும் கப்பல் ஏறியவர்கள்

பெரிய அளவில் கடல் கடந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். போர் காரணம் இல்லை, திராட்சைதான் காரணம்.

அட்ரியாட்டிக் கரையோரமும் அதன் தீவுகளும் சேர்ந்த பகுதிக்கு டால்மேஷியா என்று பெயர். அப்போது அது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைப் பைலொக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அழித்தபோது டால்மேஷிய மதுவுக்குப் பொற்காலம் வந்தது. பிராச் போன்ற தீவுகளில் கல்லைப் பொறுக்கிச் சுவர் வைத்து, கிடைத்த இடத்தில் எல்லாம் கொடி நட்டார்கள். பிறகு இரண்டு இடி. 1891-ல் ஆஸ்திரியா–ஹங்கேரி இத்தாலியோடு ஒரு வணிக ஒப்பந்தம் போட்டது. அதன் ஒரு பிரிவால் மலிவான இத்தாலிய மது குறைந்த வரியில் உள்ளே வந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பூச்சியே டால்மேஷியாவுக்கும் வந்து சேர்ந்தது. நீராவிக் கப்பல்கள் வந்து பாய்மரக் கப்பல் தொழிலும் படுத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரே ஒரு பயிரை நம்பியிருந்த தீவுகளில் இளைஞர்களுக்கு மிச்சமிருந்த வழி துறைமுகம்தான்.

ஒருவர் போன இடத்துக்கே அவர் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் போனார்கள். அதனால்தான் இந்தக் குடியேற்றம் நாட்டிலிருந்து நாட்டுக்கு என்பதைவிட ஊரிலிருந்து ஊருக்கு என்று நடந்தது. பிராச் தீவில் இருந்து சிலி நாட்டுக்கு, அதிலும் வடக்கே பாலைவன ஓரத்து அன்டோஃபகாஸ்டாவுக்கும் தெற்கு முனையில் புந்தா அரெனாஸுக்கும். சிலியின் பெரும் பணக்காரக் குடும்பமான லுக்சிச் குடும்பத்தின் வேர் பிராச்சில் இருக்கிறது. 2022-ல் சிலியின் அதிபரான கப்ரியேல் போரிச் பிறந்தது புந்தா அரெனாஸில். அவருடைய குரோஷிய முன்னோர்கள் ஊக்லியான் தீவைச் சேர்ந்தவர்கள்.

நியூசிலாந்துக்குப் போனவர்கள் கதை இன்னும் விசேஷம். அங்கே வடக்கே சதுப்பு நிலத்தில் புதைந்துகிடந்த கௌரி மரப் பிசினைத் தோண்டி எடுக்கும் வேலை இருந்தது. வார்னிஷ் செய்ய அது தேவைப்பட்டது. டால்மேஷிய இளைஞர்கள் கூட்டமாக உழைத்ததைப் பார்த்து உள்ளூர் பிரிட்டிஷ் தொழிலாளர்களுக்குப் பொறுக்கவில்லை. 1898-ல் பிசின் நிலங்களில் ஒரு பகுதியை பிரிட்டிஷ் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கச் சட்டமே வந்தது. பலர் மாவோரிப் பெண்களை மணந்து அங்கேயே வேர்விட்டார்கள். மாவோரிகள் இவர்களுக்கு 'தாராரா' என்று ஒரு பெயரும் வைத்தார்கள். பிசின் காலம் முடிந்ததும் சிலர் திராட்சைக்கே திரும்பினார்கள். நியூசிலாந்தின் மதுத் தொழிலில் பாபிச் போன்ற பெயர்கள் வருவது அப்படித்தான்.

இவர்கள் தங்களை என்னவென்று நினைத்தார்கள்? அதிகாரிகளின் ஏட்டில் 'ஆஸ்திரியர்'. தங்களுக்குள் முதலில் தீவுக்காரர், ஊர்க்காரர், அப்புறம் டால்மேஷியர். 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் அந்த 'ஆஸ்திரியர்' என்ற முத்திரை எமனாகிவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் இவர்கள் எதிரிநாட்டவராகப் பார்க்கப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவில் பலர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்கள். எந்தப் பேரரசிடமிருந்து தப்பி வந்தார்களோ அதன் ஆட்கள் என்று சந்தேகிக்கப்பட்டார்கள். போருக்குப் பின் அவர்களுடைய பகுதி, பல இனங்கள் சேர்ந்த யூகோஸ்லாவியா என்ற நாட்டுக்குள் போனதும் ஏட்டில் 'யூகோஸ்லாவியர்' ஆனார்கள். ஒரே மனிதர், ஒரே வீடு, ஆயுளுக்குள் மூன்று அடையாளம். குரோஷியா என்று தனிநாடு அப்போது கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அவர்கள் விட்டுவந்ததும் அப்படி ஒரு நாட்டை அல்ல.

இன்ஷூரன்ஸ் சங்கத்தில் வளர்ந்த இன உணர்வு

அப்படியானால் 'நாங்கள் குரோஷியர்கள்' என்ற நினைப்பு வெளிநாட்டில் எங்கே உறுதிப்பட்டது? ஒரு முக்கியமான பதில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிறது. அங்கே இரும்பாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் குரோஷியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். விபத்தில் ஆள் செத்தால் முதலாளி பெரிதாக ஒன்றும் தரமாட்டார். பிணத்தை அடக்கம் செய்யக்கூட காசில்லாத நிலை. 1894-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மாதாமாதம் சிறு தொகை கட்டினால், உறுப்பினர் இறந்தாலோ கைகால் போனாலோ குடும்பத்துக்குப் பணம். அதுதான் வளர்ந்து குரோஷிய சகோதர ஒன்றியம் ஆனது. இன்றும் இயங்குகிறது.

இந்த இடத்தைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தத் தொழிலாளி சங்கத்தில் சேர்ந்தது தாய்நாட்டுப் பற்றினால் இல்லை, தான் செத்தால் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்கக்கூடாதே என்பதற்காக. ஆனால் சேர்ந்த பிறகு? கூட்டம் நடப்பது குரோஷிய மொழியில். சங்கத்துக்குப் பத்திரிகை உண்டு. பிள்ளைகளுக்குத் தம்புரிட்சா என்ற நரம்பிசைக் கருவிக் குழு உண்டு. பிராச்காரனும், இன்றைய தலைநகரான ஸாக்ரெப் பக்கத்துக்காரனும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஊரிலேயே இருந்திருந்தால் இருவரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள். காப்பீட்டுக்குப் போட்ட கொட்டகையில் இன உணர்வு வந்து குடியேறியது.

மாதாகோயிலும் அதே வேலையைச் செய்தது. பிட்ஸ்பர்க்கை ஒட்டிய மில்வேலில் புனித நிக்கோலஸ் குரோஷியக் கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது. அதன் சுவர்களில் 1937-லும் 1941-லும் மாக்ஸோ வான்கா என்ற ஓவியர் வரைந்தவற்றைப் படத்திலாவது பாருங்கள். ஒரு பக்கம் ஊரில் போரில் செத்த மகனைச் சுற்றி அழும் தாய்மார்கள். எதிர்ப்பக்கம் அமெரிக்க ஆலைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்து அழும் தாய்மார்கள். கோயில் சுவரில் முதலாளியைத் திட்டி ஓவியம் வரைய ஒரு பாதிரியார் இடம் கொடுத்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

சரி, இதுவரை வந்ததைக் கொஞ்சம் தொகுத்துக்கொள்வோம். வெளிநாட்டுக் குரோஷியர் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு கூட்டங்கள் இருக்கின்றன. கடல் கடந்த முதல் பெரிய அலை பிழைப்புக்காகப் போனது, போரினால் அல்ல. ஊர்ப்பற்றை இனப்பற்றாக விரித்தது சங்கமும் மாதாகோயிலும் போன ஏற்பாடுகள்.

1945-க்குப் பின் போனவர்கள்: அரசியல் உள்ளே வருகிறது

'எல்லாரும் தீவிர தேசியவாதிகள்' என்ற பேச்சு பிறந்தது அடுத்த அலையில். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, இத்தாலியின் ஆதரவோடு 1941-ல் குரோஷியாவில் ஓர் ஆட்சி அமைந்தது. நடத்தியது ஆன்டே பாவெலிச் தலைமையிலான உஸ்தாஷா இயக்கம். செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்களைக் கொன்று குவித்த ஆட்சி அது. யாசெனோவாட்ஸ் வதைமுகாமில் மட்டும் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டிருக்கிறது அங்குள்ள நினைவகம். 1945-ல் டிட்டோவின் கம்யூனிஸ்ட் படை வென்று யூகோஸ்லாவியாவை ஆளத் தொடங்கியதும் பாவெலிச் உட்படப் பலர் அர்ஜென்டினா வரை ஓடினார்கள். அவர்களோடு, குற்றம் ஏதும் செய்யாமல் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு அஞ்சிப் போன விவசாயிகளும் பாதிரியார்களும் மாணவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவது பெரிய அநியாயம். ஆனால் அவர்கள் போன இடத்தில் சங்கங்களை நடத்தியவர்களில் முதல் வகையினர் கணிசமாக இருந்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது.

இங்கே இன்னொரு சொல் தேவை: தொலைதூர தேசியம். சொந்த நாட்டு அரசியலில் வெளியே இருந்துகொண்டு தீவிரமாக ஈடுபடுவது. அங்கே வாழவேண்டிய கட்டாயம் இல்லாததால், அதன் விளைவுகள் தன் தலையில் விழாது. ஊரில் இருப்பவர் அன்றாடம் சமரசம் செய்துகொண்டு மாறுகிறார். வெளியே இருப்பவர் கையில் இருப்பதோ கிளம்பிய ஆண்டின் நாடு. அதை மாற்ற அவருக்கு எந்த நெருக்கடியும் இல்லை.

யூகோஸ்லாவிய அரசும் சும்மா இருக்கவில்லை. அதன் உளவுத்துறை வெளிநாட்டில் எதிர்ப்பாளர்களைத் தேடிக் கொன்றது. 1978-ல் பாரிஸில் எழுத்தாளர் ப்ரூனோ பூஷிச், 1983-ல் மூனிக் அருகே ஸ்ட்யெபான் ஜுரேகோவிச். பின்னவர் கொலைக்காக முன்னாள் உளவு அதிகாரிகள் இருவருக்கு ஜெர்மன் நீதிமன்றம் 2016-ல் ஆயுள் தண்டனை விதித்தது. எதிர்த்தரப்பிலும் வன்முறை இருந்தது. 1976-ல் நியூயார்க்கில் இருந்து கிளம்பிய ஒரு விமானத்தைக் குரோஷியத் தேசியவாதிகள் கடத்தினார்கள். அவர்கள் நியூயார்க் ரயில் நிலையத்தில் வைத்த குண்டைச் செயலிழக்கச் செய்யும்போது ஒரு காவலர் இறந்தார். இப்படி இரண்டு பக்கமும் நடந்ததில் சாதாரணக் குடும்பங்கள் மேலும் சந்தேகம் விழுந்தது. 1979-ல் ஆஸ்திரேலியாவில் கைதாகிக் குண்டுவைப்புச் சதிக்காகச் சிறை சென்ற ஆறு குரோஷியர்களின் வழக்கு அப்படிப்பட்டது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஆராய 2022-ல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

ஆஸ்திரேலியாவில் இந்தக் காலத்தில் அடையாளத்தைத் தூக்கிப் பிடித்தது கால்பந்து. கையில் இருந்தது யூகோஸ்லாவியப் பாஸ்போர்ட். 'குரோஷியா' என்ற பெயரை வெளியே சொல்ல இருந்த இடம் மைதானம்தான். மெல்போர்ன் குரோஷியா, சிட்னி குரோஷியா என்று 1950-களில் கிளப்புகள் தொடங்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் சமையல், பாட்டு, பெண் பார்ப்பது எல்லாம் கிளப் கட்டடத்தில்தான். 1990-களில் இனப் பெயர்களை எடுக்கச் சொல்லி ஆஸ்திரேலியக் கால்பந்து நிர்வாகம் அழுத்தியதால் இன்று அவை மெல்போர்ன் நைட்ஸ், சிட்னி யுனைடெட்.

இதன் பலனை 2006 உலகக் கோப்பையில் ஸ்டுட்கார்ட்டில் பார்த்தோம். ஆஸ்திரேலியாவும் குரோஷியாவும் மோதிய ஆட்டம், 2–2. ஆஸ்திரேலிய அணியில் மார்க் விடூகா, யோசிப் ஸ்கோகோ, டோனி போபோவிச் என்று குரோஷிய வழி வந்தவர்கள் வரிசையாக. எதிரே குரோஷிய அணியிலோ ஆஸ்திரேலியாவில் பிறந்த மூவர். அதில் ஒருவரான கான்பெராவில் பிறந்த யோசிப் ஷிமூனிச்சுக்கு நடுவர் கிரஹாம் போல் மூன்று மஞ்சள் அட்டை காட்டிய பிறகுதான் வெளியே அனுப்பினார். இரண்டாவது அட்டையை ஆஸ்திரேலியாவின் 3-ஆம் எண் ஆட்டக்காரர் பெயரில் குறித்துவிட்டாராம். ஷிமூனிச்சின் ஆஸ்திரேலிய உச்சரிப்பு குழப்பிவிட்டது என்ற விளக்கமும் உண்டு.

அதே ஷிமூனிச் 2013 நவம்பரில், ஐஸ்லாந்தை வென்ற பிறகு மைதானத்தில் மைக் பிடித்து உஸ்தாஷா காலத்து முழக்கம் ஒன்றை எழுப்பினார். ஃபிஃபா பத்து ஆட்டத் தடை போட்டது, 2014 உலகக் கோப்பை போச்சு. 'பார்த்தீர்களா, வெளிநாட்டில் வளர்ந்தால் இப்படித்தான்' என்று இதை உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் அன்று முழக்கத்துக்குப் பதில் முழக்கம் எழுப்பிய ஆயிரக்கணக்கானோர் ஸாக்ரெப் மைதானத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர் ரசிகர்கள். பழியை முழுக்க வெளியூர்க்காரர் தலையில் கட்டிவிடுவது உள்ளூருக்கு ஒரு வசதி.

மெர்சிடிஸில் ஊர் வந்தவர்கள்

மூன்றாவது அலை ரொம்ப வேறு. 1960-களில் யூகோஸ்லாவியா தன் மக்களை வேலைக்கு வெளியே போக அனுமதித்தது. கம்யூனிஸ்ட் நாடுகளில் இது அபூர்வம். 1968-ல் மேற்கு ஜெர்மனியோடு தொழிலாளர் ஒப்பந்தமும் போட்டது. 'காஸ்ட்டர்பைட்டர்' எனப்பட்ட இந்தத் தற்காலிகத் தொழிலாளர்கள் இரண்டு வருடத்தில் திரும்புவார்கள் என்று இரு அரசுகளும் நினைத்தன. அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். திரும்பவில்லை. ஆனால் ஊர்த் தொடர்பு அறவே அறாததும் இவர்களுக்குத்தான். ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்து பஸ் பிடித்தால் மறுநாள் ஊர். சம்பாதித்ததை எல்லாம் ஊரில் வீடாகக் கட்டினார்கள், மாடி மேல் மாடியாக. வருடத்தில் பதினோரு மாதம் பூட்டிக்கிடக்கும் வீடுகள். டால்மேஷிய உள்நாட்டு ஊரான இமோட்ஸ்கியில் மெர்சிடிஸ் காருக்குக் கல்லில் ஒரு நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள், ஜெர்மனியில் உழைத்து அந்தக் காரில் விடுமுறைக்கு வந்தவர்கள் நினைவாக.

ராகிட்டிச் போன்றவர்கள் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பிறந்ததன் பின்னணியில் இந்தப் பாதைதான் இருக்கிறது. பிள்ளை ஜெர்மன் பேசி வளர்கிறது, ஞாயிறு குரோஷியக் கத்தோலிக்க மிஷனுக்குப் போகிறது, கோடையில் பாட்டி வீடு.

1991: வெளியூர்க்காரருக்கு முதல் மரியாதை

யூகோஸ்லாவியாவிடமிருந்து குரோஷியா 1991 ஜூன் 25 அன்று விடுதலையை அறிவித்தது. அதற்கு முன்பே, 1980-களின் கடைசியில், பின்னாளில் முதல் அதிபரான ஃப்ரான்யோ துஜ்மன் கனடாவுக்குப் போய்ப் புலம்பெயர்ந்தோரைச் சந்தித்துப் பேசியிருந்தார். ஊரில் இருக்கும் குரோஷியாவையும் வெளியே இருக்கும் குரோஷியாவையும் ஒன்றாக்குவது அவர் திட்டத்தின் மையம். தேர்தலுக்கும், பிறகு 1991–95 போருக்கும் பணமும் பொருளும் வெளியில் இருந்து குவிந்தன. ஆட்களும் வந்தார்கள். ஹெர்செகோவினாவில் பிறந்து, கனடாவின் ஒட்டாவாவில் பீட்சா தொழில் செய்த கோய்கோ ஷூஷாக் போர்க்காலத்தில் நாட்டின் பாதுகாப்பு அமைச்சரானார். 1998-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

கைம்மாறாகக் கிடைத்தது ஓட்டு. 1995 தேர்தலில் நாடாளுமன்றத்தின் 127 இடங்களில் 12 வெளிநாட்டில் வசிக்கும் குடிமக்களுக்கு. பன்னிரண்டையும் துஜ்மனின் கட்சியே அள்ளியது. உள்ளூரில் கடும் எதிர்ப்பு: வரி கட்டாதவர், இங்கே வாழாதவர் எங்களை யார் ஆளவேண்டும் என்று எப்படி முடிவு செய்யலாம்? பிறகு நிலையான எண்ணிக்கை போய், ஓட்டுப்பதிவைப் பொறுத்து இடங்கள் என்றானது. 2000-ல் ஆறு, 2003-ல் நான்கு, 2007-ல் ஐந்து. 2010-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி மூன்று என்று நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

இதில்தான் மிகப் பெரிய தவறான புரிதல் இருக்கிறது. 'புலம்பெயர்ந்தோர் ஓட்டு' என்றதும் சிட்னியும் சிகாகோவும் நினைவுக்கு வரும். உண்மையில் அந்த ஓட்டில் பெரும்பகுதி போஸ்னியா–ஹெர்செகோவினாவில் இருந்து வருவது. அதாவது நாம் முதலில் பார்த்த, எங்கும் புலம்பெயராத முதல் வகையினரின் ஓட்டு. விடுதலைக்குப் பின் அவர்களில் மிகப் பலருக்குக் குரோஷியக் குடியுரிமை கிடைத்திருந்தது. சிலியில் நான்காம் தலைமுறையாக இருப்பவருக்குக் குரோஷிய நாடாளுமன்றத் தேர்தல் என்றைக்கு என்றுகூடத் தெரிந்திருக்காது. புலம்பெயர்ந்தோர் அரசியல் என்று செய்தியில் படிப்பது பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்து அரசியல்.

சுருக்கமாக, மூன்று அலைகளும் மூன்று வேறு நாடுகளை விட்டுப் போயின: ஆஸ்திரியப் பேரரசின் தீவுகளை ஒன்று, தோற்ற போர்க்கால ஆட்சியை ஒன்று, யூகோஸ்லாவியாவை ஒன்று. 1991-க்குப் பின் வந்த அரசு மூன்றையும் ஒரே பட்டியலில் எழுதியது.

பாஸ்போர்ட் என்ன செய்கிறது

பட்டியலை எழுதும் கருவி குடியுரிமைச் சட்டம். குரோஷியா பின்பற்றுவது இரத்தவழிக் குடியுரிமை. எங்கே பிறந்தாய் என்பதைவிட யாருக்குப் பிறந்தாய் என்பதை வைத்துக் கொடுக்கப்படும் குடியுரிமை அது. 1991 அக்டோபர் 8-ல் நடைமுறைக்கு வந்த சட்டம், அதற்கு முன் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு நாட்டை விட்டுப் போனவர்களின் வாரிசுகளுக்குத் தனி வழி வைத்தது. 2020 தொடக்கத்தில் அமலான திருத்தம், இத்தனை தலைமுறைக்குள் என்ற வரம்பை எடுத்துவிட்டது. மொழி தெரிந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இந்த வாரிசுகளுக்குப் போய்விட்டது.

எள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடித் தீவுகளின் மாதாகோயில்களுக்குத் தென் அமெரிக்காவில் இருந்து கடிதம் போகக் காரணம் இந்தத் தளர்வுதான். 2013 முதல் அந்தப் பாஸ்போர்ட் ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட்டும்கூட. அதை வைத்துக்கொண்டு அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்துப் பையன் மாட்ரிட்டில் வேலைக்குப் போகலாம், ஸாக்ரெப் பக்கமே தலைகாட்டாமல். இதைப் பாசாங்கு என்று ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1894-ல் சங்கத்தில் சேர்ந்தவரும் முதலில் நினைத்தது பிழைப்பைத்தான். காகிதத்துக்காக வந்தவர்களில் சிலர் அப்புறம் ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தின் மொழிப் பயிற்சி மையத்தில் சேர்ந்து வேற்றுமை உருபுகளோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இப்போது போகிறவர்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த 2013-க்குப் பின் புதிய அலை ஒன்று கிளம்பியது. அயர்லாந்து உடனே கதவைத் திறந்தது, ஜெர்மனி 2015-ல். 2011-க்கும் 2021-க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை நான்கு லட்சம் குறைந்தது. போரில் சின்னாபின்னமான வுகோவார் இருக்கும் கிழக்கு மாவட்டம் ஐந்தில் ஒரு பங்கு மக்களை இழந்தது. பிறப்பு குறைந்ததும் காரணம், ஆனால் பஸ் ஏறியவர்கள்தான் எல்லார் கண்ணிலும் பட்டார்கள். இந்த முறை கொடுங்கோல் ஆட்சியோ வேர்ப்பூச்சியோ இல்லை. குறைந்த சம்பளம், சிபாரிசு இல்லாமல் வேலை கிடைக்காத எரிச்சல் என்று காரணம் சொன்னார்கள். காலியான இடத்துக்கு நேபாளிகளும் இந்தியர்களும் பிலிப்பினோக்களும் வருகிறார்கள். கட்டுமானத்திலும் உணவு விநியோகத்திலும் அவர்களை ஸாக்ரெப் தெருக்களில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

திரும்பி வரச் சொல்லி 2022-ல் அரசு ஒரு திட்டம் அறிவித்தது: ஊருக்கு வந்து சொந்தத் தொழில் தொடங்கினால் அப்போதைய நாணயத்தில் 2 லட்சம் கூனா வரை, அதாவது சுமார் 26,000 யூரோ. சிலர் வந்தார்கள், வெள்ளமாக வரவில்லை.

புதிதாகப் போனவர்களுக்குப் பழைய ஏற்பாடுகள் பெரிதாகத் தேவைப்படவில்லை. டப்ளினில் நர்ஸாக இருப்பவருக்கு இன்ஷூரன்ஸை நாடு தருகிறது. அம்மாவோடு தினமும் வீடியோவில் பேச்சு, நீண்ட வார விடுமுறைக்கு மலிவு விமானம். கிளப்பில் உறுப்பினர் சந்தா கட்ட அவருக்குக் காரணம் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் குரோஷியக் கல்வி அமைச்சகம் ஆசிரியர்களை அனுப்பிப் பள்ளி நேரத்துக்குப் பின் மொழி வகுப்புகள் நடத்துகிறது. அதே நேரத்தில் நீச்சல் வகுப்பும் இருக்கும், கால்பந்துப் பயிற்சியும் இருக்கும். எதற்கு அனுப்புவது என்று பெற்றோர்கள்தான் அடுக்களையில் பேசி முடிவு செய்கிறார்கள்.